கண்ணாடி அலமாரியில் ஒரு விண்கலம்

புதுச்சேரியில் ஆகஸ்ட் மாதம் வந்தால் பிரான்சிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்கிய 'சொல்தா' வீடு, பெண்ணைப் பாரிசில் கட்டிக்கொடுத்த வீடு, அண்ணன் அங்கே ஹோட்டலில் வேலை பார்க்கும் வீடு... எல்லா வீட்டுக்கும் ஒரு பெரிய சூட்கேஸ் வரும். உள்ளே சாக்லேட், சென்ட், சீஸ். எட்டு வயசுப் பையன் இருந்தால் அவனுக்கு ஒரு லெகோ பெட்டி.

பெட்டி மேல் ஸ்டார் வார்ஸ் விண்கலத்தின் படம் இருக்கும். பையன் இரண்டு நாள் சாப்பாட்டைக்கூட மறந்து, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து அதைக் கட்டி முடிப்பான். படத்தில் இருந்த மாதிரியே வந்திருக்கும். வீடே கைதட்டும், போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போடும். மூன்றாம் நாள் பையன் கேட்பான்.

"அம்மா, இதப் பிரிச்சுட்டு வேற ஏதாவது செய்யட்டுமா?"

"கைய ஒடிச்சிருவேன். மாமா அவ்ளோ தூரத்துலேர்ந்து தூக்கிட்டு வந்திருக்காரு. ஒரு துண்டு தொலைஞ்சாலும் போச்சு. கொண்டா இங்க."

விண்கலம் கண்ணாடி அலமாரிக்குள் போய்விடும். பக்கத்தில் இரும்பு ஈஃபில் கோபுரம், அந்தப் பக்கம் யாரோ கல்யாணத்தில் கொடுத்த வெள்ளி முலாம் பிள்ளையார். அலமாரிக்குப் பூட்டு உண்டு. சாவி அம்மாவிடம்.

இந்த விஷயத்தில் ஊரில் இரண்டு கட்சி இருக்கிறது.

முதல் கட்சி சொல்வது: "சினிமாக்காரனிடம் உரிமை வாங்கி விற்கிற இந்த மாதிரி பெட்டிகள் குழந்தைகளின் கற்பனையைக் கொன்றுவிட்டன. அந்தக் காலத்தில் வெறும் கட்டைகள்தான் வந்தன, பிள்ளைகள் என்ன வேண்டுமானாலும் கட்டினார்கள். இப்போது படத்தில் இருப்பதைத்தான் கட்ட வேண்டியிருக்கிறது." இரண்டாம் கட்சி உடனே எகிறும்: "யார் கையைப் பிடித்தார்கள்? 1958-ல் வந்த கட்டையும் நேற்று வந்த கட்டையும் ஒன்றோடொன்று பொருந்தும். கட்டி முடித்துவிட்டுக் கலைத்துப் போட்டு வேறு செய்ய வேண்டியதுதானே?"

இரண்டு பேரும் கேஸைத் தப்பான ஆள் மேல் போட்டிருக்கிறார்கள்.

முதல் கட்சிக்கு உலக அளவில் ஒரு பெரிய வக்கீல் உண்டு. பிரெஞ்சுக்காரர்தான், பெயர் ரோலான் பார்த். 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி நிர்வாகத்தை இந்தியாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்களே, கிட்டத்தட்ட அந்தச் சமயத்தில்தான் அவர் பாரிசில் உட்கார்ந்து சோப்பு, மல்யுத்தம், ஒயின் என்று கண்ணில் பட்டதையெல்லாம் பற்றிச் சின்னச் சின்னக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தார். 1957-ல் 'மித்தாலஜி' என்று புத்தகமாக வந்தது. அதில் ஒரு கட்டுரை பொம்மைகளைப் பற்றி. ராணுவம், தபால், ஆஸ்பத்திரி என்று பெரியவர்களின் உலகத்தை அப்படியே சுருக்கிக் குழந்தை கையில் கொடுக்கிறீர்கள். குழந்தை அதற்கு முதலாளியாக, உபயோகிப்பவனாக ஆகிறதே தவிர, எதையும் படைப்பவனாக ஆவதில்லை. இதுதான் அவர் குற்றச்சாட்டு. கட்டிட விளையாட்டுக் கட்டைகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். கட்டையை அடுக்கும் குழந்தை செய்வது எதுவானாலும், அதற்குப் பெரியவர்கள் அகராதியில் பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அது படைப்புதான் என்பது அவர் கருத்து. அப்புறம் மரப் பொம்மையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு பிளாஸ்டிக்கைத் திட்டுவார். அந்த இடம் கொஞ்சம் பாட்டி பேசுகிற மாதிரி இருக்கும். :-)

அவர் விலக்குக் கொடுத்த கட்டையே இன்றைக்கு விண்கலப் படத்தோடு வருகிறது. அதனால் முதல் கட்சிக்குக் கோபம் இரட்டிப்பு.

கோபம் நியாயம்தான். ஆனால் சினிமாக் கதை விளையாட்டைக் கெடுக்கும் என்பது மட்டும் நம் ஊர்க்காரர்கள் நம்புகிற விஷயமே இல்லை. 1987-ல் தூர்தர்ஷனில் ராமாயணம் ஓடியபோது தெருவுக்குத் தெரு துடைப்பங்குச்சி வில்லாகி, எதிர்வீட்டுப் பையன் ராவணன் ஆனான். 1997-ல் சக்திமான் வந்ததும் பெட்ஷீட் எல்லாம் அங்கவஸ்திரமாகப் பறந்தது. கதை வேறு யாரோ கொடுத்ததுதான். பாத்திரங்களும் ரெடிமேட்தான். ஆனால் அன்றைக்கு மாலை அந்தத் தெருவில் நடந்த ராமாயணத்தில் ராவணன் ஜெயித்தானா, சீதை கோபித்துக்கொண்டு டியூஷனுக்குப் போனாளா என்பது வால்மீகிக்கே தெரியாது. தெருக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதே இல்லை. திரௌபதி கதை எல்லாருக்கும் தெரியும், தெரிந்த கதைக்குத்தான் விடிய விடிய உட்காருகிறார்கள். கட்டியங்காரன் அன்றைக்கு என்ன பேசுவான் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

சரி, கதை குற்றவாளி இல்லை. அப்படியானால் பெட்டிக்குள் வரும் அந்த வழிகாட்டிப் புத்தகமா? 1, 2, 3 என்று படம் போட்டு எந்தக் கட்டை எங்கே என்று சொல்லிவிடுகிறதே?

இந்த வாதத்தையும் கோலம் போடுகிற ஊரில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. மார்கழி வந்தால் பத்திரிகைகளோடு கோலப் புத்தகம் இலவசமாக வருகிறது. புள்ளிக் கணக்கு, இடைப்புள்ளியா நேர்ப்புள்ளியா, எங்கே வளைக்க வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். பத்து வயசுப் பெண் முதலில் பார்த்துத்தான் போடுகிறாள், நோட்டில் ஐம்பது தடவை காப்பி அடிக்கிறாள். கை பழகியதும் ஒரு நாள் இரண்டு கோலத்தை ஒட்டவைத்து மூன்றாவதாக ஒன்றைப் போடுகிறாள். காப்பி அடிப்பது கற்றுக்கொள்வதன் முதல் படி. லெகோ புத்தகமும் அப்படித்தான். ஒரு வளைவை எப்படிக் கொண்டுவருவது, கட்டையைப் பக்கவாட்டில் திருப்பி எப்படி மாட்டுவது என்பதெல்லாம் ஒரு குழந்தைக்குத் தானாகத் தோன்றாது. யாராவது ஒரு தடவை காட்ட வேண்டும்.

இங்கே முதல் கட்சி ஒரு ஆராய்ச்சியை எடுத்து மேஜையில் வைக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. 2016-ல் பேஜ் மோரோ, மாரிட் எங்கெசெட் என்ற இரண்டு பேராசிரியர்கள் மார்க்கெட்டிங் ஆராய்ச்சி இதழ் ஒன்றில் எழுதினார்கள். வழிகாட்டியைப் பார்த்து லெகோ கட்டியவர்கள், அடுத்து வந்த கற்பனை சார்ந்த வேலையில், இஷ்டத்துக்குக் கட்டியவர்களைவிடப் பின்தங்கினார்கள் என்பது முடிவு. சோதனைக்கு உட்கார்ந்தவர்கள் குழந்தைகள் அல்ல, கல்லூரி மாணவர்கள். அதைவிட முக்கியம், அளந்தது கட்டி முடித்த கையோடு வந்த விளைவை. பரீட்சை ஹாலை விட்டு வெளியே வந்தவனிடம் உடனே கவிதை எழுதச் சொன்னால் வராதுதான். ஒரு வாரம் கழித்து, அதே கட்டைகளைத் தரையில் கொட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் இங்கே கேள்வி.

அந்த மறுபடி உட்காருதல் நம் வீடுகளில் நடப்பதில்லை. அதுதான் குற்றம்.

கோலம் ஏன் அலுக்காமல் இருக்கிறது? மறுநாள் காலையில் தண்ணீர் தெளித்துப் பெருக்கிவிடுகிறார்கள், அதனால்தான். நேற்று போட்ட தேர்க்கோலம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இன்றைக்கு அது இல்லை. வாசல் காலி. புதிதாக ஒன்று போட்டே ஆக வேண்டும்.

தமிழ் இலக்கியத்துக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரியும். பிள்ளைத்தமிழில் ஆண்பாலுக்குக் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். சிற்றில் என்றால் சின்ன வீடு, சிறுமிகள் மணலில் கட்டுகிற வீடு. அந்தப் பருவத்தில் பாட்டுடைத் தலைவனான குழந்தை முருகனோ வேறு யாரோ வந்து அதைக் காலால் கலைக்கப் பார்ப்பான், சிறுமிகள் "சிதைக்காதே" என்று கெஞ்சுவார்கள். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியிலும் ஒரு பத்து முழுக்க இந்தக் கெஞ்சல்தான். கவனித்துப் பார்த்தால், கட்டுவதற்கு என்று தனிப் பருவம் வைக்காமல் கலைக்க வருவதையே ஒரு பருவமாக வைத்திருக்கிறார்கள். வீடு கலையும். அழுகை வரும். மணல் அங்கேயேதான் இருக்கும். மறுநாள் வேறு வீடு.

அந்த மூன்றாவது பருவத்துப் பொம்மையான சிறுதேர் ஏறக்குறைய இன்றைய ரெடிமேட் பெட்டி மாதிரிதான். குறுந்தொகையின் 61-ஆம் பாட்டில் தச்சன் செய்து கொடுத்த சின்னத் தேர் ஒன்று வருகிறது. குழந்தைகளால் அதில் ஏறிப் போக முடியாது. கையால் இழுத்துக்கொண்டு போய் சந்தோஷப்படுகிறார்கள். தொழில் தெரிந்தவர் செய்த பொம்மை, படம் பார்த்த மாதிரி அச்சு அசல். ஆனால் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியும் அதை இழுக்கத்தான் கொடுத்தார்கள். ஷோகேஸில் வைக்கவில்லை.

புதுச்சேரியிலேயே இரண்டு உதாரணங்கள் ஒவ்வொரு வருஷமும் வந்து போகின்றன. ஒன்று நவராத்திரிக் கொலு. தசாவதார செட் என்றால் பத்து பொம்மை, வரிசை மாறக்கூடாது, மச்சத்துக்குப் பிறகுதான் கூர்மம். செட்டியார் பொம்மை கடை வைத்துத்தான் உட்கார வேண்டும். இதைவிடக் கறாரான செட் எந்தக் கம்பெனியும் விற்றதில்லை. படிக்கு மேல் குழந்தைகள் கை வைத்தால் அடி விழும். ஆனால் படிக்குக் கீழே, ஓரத்தில், பார்க் என்று ஒரு இடம் விடுவார்கள் பாருங்கள்! மணலைக் கொட்டி, கேழ்வரகோ கடுகோ தூவி முளைக்கவைத்து, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, அதில் பிளாஸ்டிக் வாத்து விட்டு, வாத்தைவிடச் சின்னதாக ஒரு பஸ், பஸ்ஸைவிடப் பெரிதாக ஒரு போலீஸ்காரர். வரிசை, அளவு, புராணம் எதுவும் கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்கள் படியைக் கும்பிட்டுவிட்டுப் பார்க்கில்தான் அதிக நேரம் நிற்பார்கள். விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்துவிட்டு அப்புறம் எல்லாம் பெட்டிக்குள். பார்க் குப்பைக்கு. அடுத்த வருஷம் வேறு பார்க்.

இன்னொன்று கிறிஸ்துமஸ் குடில். மாதா, சூசையப்பர், பாலன், இடையர்கள், மூன்று ராஜாக்கள். இதுவும் செட்தான், மாற்ற முடியாது. ஆனால் பழுப்புக் காகிதத்தைக் கசக்கிச் செய்கிற மலையும், வைக்கோலும், சீரியல் லைட்டும், மலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிற டைனோசரும் பிள்ளைகளின் ராஜ்யம். பெத்லகேமில் டைனோசர் எப்படி வந்தது என்று எந்தச் சாமியாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் குடிலைப் பிரித்துவிடுவார்கள்.

இரண்டிலும் பாத்திரம் கொடுக்கப்பட்டது. இரண்டிலும் வழிமுறை உண்டு. இரண்டும் குழந்தையின் கற்பனையைக் கொல்லவில்லை, ஏனென்றால் இரண்டிலும் பிள்ளைக்கென்று ஓர் ஓரம் உண்டு, எல்லாவற்றுக்கும் கலைகிற தேதி உண்டு. கண்ணாடி அலமாரி விண்கலத்துக்கு அந்தத் தேதி கிடையாது.

இப்போது இரண்டாம் கட்சிக்கு வருவோம். "கலைத்துப் போட்டு வேறு செய்ய வேண்டியதுதானே" என்கிறவர்கள். பேச்சு சுலபம். ஆனால் அந்தப் பெட்டி கலைப்பதற்காகவா விற்கப்படுகிறது? இதற்குக் கொஞ்சம் வியாபாரக் கணக்குப் பார்க்க வேண்டும்.

டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சின்ன ஊரில் 1932-ல் ஒரு தச்சர் பொம்மை செய்ய ஆரம்பித்தார், ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன். (இங்கேயும் தச்சன்!) இன்றைய கட்டைக்கு அவர் மகன் 1958 ஜனவரி 28-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். காப்புரிமை என்பது காலாவதி ஆகிற சமாச்சாரம், ஆனது. அதன்பின் யார் வேண்டுமானாலும் அதே அளவில் கட்டை அடிக்கலாம் என்று ஆயிற்று. வடிவத்தையே வர்த்தக முத்திரை ஆக்கிக்கொள்ள லெகோ போராடியது. 2005-ல் கனடா உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. 2010-ல் ஐரோப்பிய நீதிமன்றமும் அதையே செய்தது.

போட்டிக்காரன் காப்பி அடிக்க முடியாத ஒன்று வேண்டும். அதுதான் சினிமாப் பாத்திரம். 1999-ல் ஸ்டார் வார்ஸ், 2001-ல் ஹாரி பாட்டர். கட்டையை யாரும் செய்யலாம், ஹாரி பாட்டரின் கண்ணாடியை உரிமை வாங்காமல் செய்தால் கோர்ட்டுக்கு வா என்பார்கள். 2003-லும் 2004-லும் அந்தக் கம்பெனி பெரும் நஷ்டத்தில் விழுந்தது. சினிமா வராத வருஷத்தில் விற்பனை படுத்துக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம். அதிலிருந்து மீண்டு இன்று உலகின் மிகப் பெரிய பொம்மை நிறுவனமாக நிற்கிறது. ஆக, உரிமை வாங்கிய பெட்டி என்பது கற்பனைக்கு எதிரான சதி ஒன்றும் இல்லை. காப்புரிமை போன கம்பெனி பிழைத்துக்கொண்ட வழி.

ஆனால் அதற்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒரே நிறத்தில் எட்டுக் குமிழ் உள்ள ஆறு கட்டைகளை எத்தனை விதமாகச் சேர்க்கலாம்? கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் சோரன் ஐலர்ஸ் கம்ப்யூட்டரை வைத்து எண்ணினார்: 91,51,03,765. கம்பெனி அதற்கு முன் சொல்லிவந்த எண் 10 கோடி சொச்சம்தான். ஆறு கட்டைக்கே 91 கோடி என்றால், முந்நூறு கட்டை உள்ள பையனுக்கு ஆயுசுக்கும் வேறு பெட்டி வேண்டாம். வியாபாரிக்கு இதைவிடக் கெட்ட செய்தி உண்டா? ஒரு தடவை வாங்கிவிட்டு வாடிக்கையாளர் போயே போய்விடுவார். பெட்டிக்கு ஒரு கதை, கதைக்கு ஒரு விண்கலம் என்று ஆக்கினால்தான் அடுத்த பெட்டி விற்கும். ஷோகேஸில் முதல் விண்கலம் முழுசாக நின்றால்தான் பக்கத்தில் இரண்டாவது நிற்க ஆசை வரும். தரையில் கலைந்து கிடந்தால் அந்த ஆசை வராது. கலைக்காத வீடுதான் நல்ல வாடிக்கையாளர்.

இதன் உச்சம் என்ன தெரியுமா? பெட்டியைப் பிரிக்கவே பிரிக்காதவர்கள். விற்பனை நிறுத்தப்பட்ட செட்டுகளை சீலோடு வைத்திருந்து பிற்பாடு விற்கிறார்கள். ரஷ்யப் பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பேர் 1987 முதல் 2015 வரையான விலைகளை எடுத்துப் பார்த்து, ஆண்டுக்குச் சராசரி 11 சதவீதம் லாபம் என்று கணக்குச் சொன்னார்கள். பிக்சட் டெபாசிட் தோற்றது போங்கள். எந்தக் குழந்தையும் தொடாமல் இருந்தால்தான் மதிப்பு ஏறும் ஒரு விளையாட்டுச் சாமான்!

கம்பெனிக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். 1974-ல் ஒரு செட்டோடு பெற்றோருக்கு ஒரு துண்டுச் சீட்டு வைத்தார்கள். ஆணோ பெண்ணோ, எதைக் கட்டுகிறார்கள் என்பது முக்கியமில்லை, கற்பனைதான் முக்கியம், கையில் கொடுத்துவிட்டு விட்டுவிடுங்கள் என்பது அதன் சாரம். 2014-ல் 'தி லெகோ மூவி' வந்தது. அதில் வில்லன் என்ன செய்கிறான்? உலகத்தையே பசை போட்டு ஒட்டி, யாரும் எதையும் மாற்ற முடியாதபடி செய்யப் பார்க்கிறான். கடைசியில் பார்த்தால் அந்த வில்லன் ஒரு அப்பா. வீட்டு பேஸ்மெண்டில் லெகோ நகரம் கட்டி வைத்து, மகனைத் தொடாதே என்று விரட்டுகிறவர். இந்தக் கட்டுரை சொல்ல வருவதை அவர்களே முழு நீளப் படமாக எடுத்துவிட்டார்கள். எடுத்த கையோடு அந்தப் படத்தின் காட்சிகளையே வழிகாட்டிப் புத்தகத்தோடு பெட்டி பெட்டியாக விற்றார்கள் என்பது வேறு கதை.

"சரி, நம்ம ஊர்ப் பொம்மையை வாங்குங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று சுதேசிக்காரர்கள் நடுவில் வருவார்கள். வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டுக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது, பெருமைதான். அவை இன்று எங்கே இருக்கின்றன? டூரிஸ்ட் கையில், அப்புறம் அதே கண்ணாடி அலமாரியில். குழந்தை தரையில் வைத்து உருட்டுகிற இடத்தில் இல்லை. ஆக இது டென்மார்க்கா வில்லியனூரா, பிளாஸ்டிக்கா மண்ணா என்ற சண்டையே இல்லை.

பனங்காய் வண்டியைப் பாருங்கள். பாகூர்ப் பக்கம் நுங்கு சீசனில் நுங்கு தின்ற மட்டையை இரண்டு சக்கரமாக்கி, நடுவில் குச்சி செருகி, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். எல்லார் வண்டியும் ஒரே டிசைன். ஆனால் ஒரு வாரத்தில் மட்டை காய்ந்து சுருங்கும், உடையும். அடுத்ததில் ஒருவன் மூன்று சக்கரம் வைப்பான். யார் வீட்டு ஷோகேஸிலும் பனங்காய் வண்டி இருந்ததில்லை, அதுதான் அதன் பெருமை. ஐ.ஐ.டி. கான்பூரில் படித்துவிட்டுக் குப்பையிலிருந்து பொம்மை செய்யக் கிளம்பிய அர்விந்த் குப்தா (2018-ல் பத்மஸ்ரீ வாங்கினார்) தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து முக்கோணம், வீடு, கோளம் எல்லாம் கட்டக் கற்றுக்கொடுத்தவர். ஒரு பொம்மையைக் குழந்தை செய்யக்கூடிய மிக நல்ல காரியம் அதை உடைப்பதுதான் என்று வெளிப்படையாகச் சொல்லிவருகிறவர் அவர். எந்த அம்மாவிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள்!

அம்மாக்கள் பக்கமும் நியாயம் உண்டு. விலை. இந்தியாவில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-ல் 70. உள்நாட்டுத் தொழிலைக் காப்பாற்றத்தான், அதன் நியாய அநியாயம் தனிப் பஞ்சாயத்து. ஆனால் இங்கே கடையில் பெட்டியின் விலையைப் பார்க்கிறவர்களுக்குக் கை நடுங்குகிறது. மாமா சூட்கேஸில் வந்தது தங்கம் மாதிரி ஆகிவிடுகிறது. தங்கத்தைத் தரையில் கொட்டி விளையாடு என்று யார் சொல்வார்கள்? பொம்மை விலை ஏற ஏற அது பொம்மையாக இருப்பது குறைகிறது.

ஆனால் பயந்து பூட்டி வைப்பதில் லாபமும் இல்லை. வழிகாட்டிப் புத்தகம் தொலைந்தால் கம்பெனியின் இணையதளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கலைத்த விண்கலத்தை என்றைக்கு வேண்டுமானாலும் திரும்பக் கட்டலாம். ஒரு துண்டு தொலைந்தால் விண்கலம் ஒரு துண்டு குறைவாகப் பறக்கும், அவ்வளவுதான். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் வாங்கிய மலிவுக் கட்டையை அந்த ஓட்டையில் திணித்துப் பார்க்கிற பையன், 91 கோடியில் இல்லாத ஒன்றைச் செய்துகொண்டிருப்பான்.

படம் இல்லாமல் வெறும் கட்டைகளாகவும் லெகோ பெட்டி வருகிறதே, அதை வாங்கினால் போகிறது என்று ரசிகர்கள் சொல்வார்கள். வருகிறது. பாரிஸ் கடையில் மாமா அதை எடுப்பாரா என்பதுதான் சந்தேகம். "மாமா என்ன வாங்கிட்டு வந்தாரு?" என்று பக்கத்து வீட்டில் கேட்டால் "கலர் கட்டை" என்றா சொல்வது? விண்கலம் என்றால்தான் கௌரவம். பரிசு பாதி குழந்தைக்கு, பாதி பார்க்கிறவர்களுக்கு.

இந்த வியாதி லெகோவோடு நிற்கவும் இல்லை. பள்ளிக்கூட ப்ராஜெக்ட் என்று ஒன்று வருகிறதே. சூரிய மண்டலம் செய்து வா, எரிமலை செய்து வா. ஃபேன்சி ஸ்டோரில் தெர்மாகோலில் ரெடியாகவே கிடைக்கிறது. இல்லாவிட்டால் அப்பா ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து ஃபெவிகால் ஒட்டுகிறார், பையன் தூங்கிவிடுகிறான். மறுநாள் எரிமலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஆட்டோவில் போகிறான், உடைந்தால் மார்க் போய்விடும். பள்ளியிலும் அது ஒரு கண்ணாடி அலமாரிக்குள் போகிறது. அப்பாவின் எரிமலைக்குப் பையன் பெயரில் பத்துக்குப் பத்து.

லாஸ்பேட்டையிலோ ரெட்டியார்பாளையத்திலோ ஏதோ ஒரு வீட்டு அலமாரியில் இந்த நிமிஷம் ஒரு விண்கலம் தூசி படிந்து நிற்கும். அதன் மேல் உள்ள சின்ன மனிதனுக்கு ஒரு கை கழன்றிருக்கும். பையன் இப்போது ஒன்பதாவது படிக்கிறான், அந்தப் பக்கம் திரும்புவதில்லை. அவன் தங்கைக்கு ஆறு வயசு. நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தாள், சாவி எங்கே என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. ஆகஸ்டில் மாமா வருகிறார். இந்தத் தடவை என்ன வேண்டும் என்று போனில் கேட்டபோது அம்மாதான் பதில் சொன்னார்கள்: "போன தடவ கொண்டு வந்தீங்களே, அதோட ஜோடி."